முதுகு காட்டிய குருவி

ஃபாங் அடகுக்கடைக்குத் தூ ருய்ஹுவா தர வேண்டியது நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளிக் காசு. வட்டியெல்லாம் சேர்த்துத்தான். அதைக் காலையில் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் திரும்பியபோது பையில் அந்தப் பணம் அப்படியே இருந்தது. கடன்தான் எண்ணூற்று இருபத்து நாலாகியிருந்தது.

"ராத்திரி பிசைஞ்சு வச்ச மாவுகூட இப்படிப் பொங்காதே அக்கா!" என்றான் ஹோ தியே.

யான் பொஷெங் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஹோ வாயை மூடிக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

யான் ஒரு காலத்தில் படகுக் கம்பெனிக்காக உடைந்த பீங்கான் பார்த்தவர். எது ஆற்றில் ஆடி உடைந்தது, எது பணத்துக்காகக் கையால் உடைக்கப்பட்டது என்று சொல்ல வேண்டிய வேலை. உள்ளதை உள்ளபடி சொன்னதால் வேலை போயிற்று. இப்போது பீங்கான் ஊர் ஜிங்தேஜென்னின் படகுத்துறையில், வைக்கோல் கயிற்றுக் கடைக்கு மேலே ஓர் அறையும் இரண்டு நாற்காலியும் ஒரு ஹோவும் அவருக்கு மிச்சம். ஹோ வருஷக்கணக்காக, சுடாத பச்சைப் பாத்திரம் அடுக்கிய பலகையைத் தோளில் சுமந்து சந்து சந்தாக நடந்தவன். வலது தோள் இறங்கியே போயிருந்தது. வாய்க்கு மட்டும் அவன் ஒரு சுமையும் ஏற்றியதில்லை.

தூ ருய்ஹுவா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். வர்ணம் தீட்டிய பீங்கானைச் சுட்டுக் கொடுக்கும் சின்னச் சூளை அவளுடையது. புருஷன் செத்தபின் தனியாக நடத்துகிறாள். போன வருஷம் இலையுதிர் காலத்தில் சூளைச் சுவர் சரிந்தது. கட்டக் காசில்லாமல் தன் கல்யாணத்து ஜாடி ஜோடியை ஃபாங்கிடம் அடகு வைத்தாள். பியோனிப் பூக்கிளையில் உட்கார்ந்த வெண்தலைக் குருவி, ஜாடிக்கு ஒன்று.

இன்று மீட்கப் போனால், இரண்டில் ஒன்று அவளுடையது இல்லை.

"சொன்னேன். உடனே மதிப்புப் பாக்குறவரைக் கூட்டியாந்தாரு. அவரு பாத்துட்டு ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசுன்னாரு. ஃபாங் முதலாளி என்ன சொல்றாரு தெரியுமா ஐயா? நான்தான் போலியைக் கொண்டாந்து வச்சேனாம்! போலி வச்சா கடன் ரெட்டிப்பாம், அது வியாபாரிகள் சங்கத்து விதியாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுக்காட்டி என் சூளைக்குப் பூட்டு."

"நீங்க வைக்கலையே?" என்றார் யான்.

அவள் கைகளை நீட்டினாள். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. "பொய் சொல்லிப் பிழைக்கிறவ கையா இது?"

யான் தொப்பியை எடுத்தார். யாருடைய கையையும் அவர் நம்புகிறவரில்லை.

அடகுக்கடையின் மேடை ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. ஹோ எம்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்க அடகு வைக்கிறதுக்கு ஏணியும் வாடகைக்குத் தருவாங்களோ?" என்றான்.

மேலேயிருந்து ஃபாங் சின்ஜாயின் முகம் எட்டிப் பார்த்தது. அறுபதைத் தொட்ட முகம். புதுச் சட்டை, வாசனைத் தைலம். "பாக்கணும்னா பக்கவாட்டு வழியா உள்ள வா. பாத்துட்டுப் போ. கை வைக்காத."

ஜாடிகள் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யான் குனிந்து ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், திரும்பவும் முதலாவதைப் பார்த்தார். ஃபாங் ஜாடிகளைப் பார்க்கவில்லை. யானின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்க வச்சிருந்தீங்க முதலாளி?"

"அடகுச் சரக்கை எங்க வைப்பாங்க? சரக்கு அறையிலதான்."

திரைக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிற அங்கி போட்ட ஓர் அம்மாள் வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. ஃபாங்கின் மூத்த தாரம். இரண்டு ஜாடியையும் அணைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தெருவுக்கு வந்ததும் யான் நடையை எட்டிப் போட்டார்.

"என்ன பாத்தே?"

"ரெண்டு குருவி. ரெண்டுக்கும் வெள்ளைத் தலை. சேர்ந்து வாழற புருஷன் பெண்டாட்டிக்குத் தலை நரைக்கிற வரைக்கும் ஒண்ணும் வரக் கூடாது, வீட்டுல பியோனியாட்டம் செல்வம் பூக்கணும். இது எங்க ஊர்ல பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். தாமரைக்கடியில ஜோடி வாத்து, பைன் மரத்துல கொக்கு, செவ்வந்திக்குக் காடை..."

"குருவி எந்தப் பக்கம் பாக்குது?"

ஹோ நின்றான். இரண்டு முஷ்டியையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, கட்டை விரல்களை மூக்கு மாதிரி நீட்டினான். "இது வலது பக்கம் பாக்குது. அதுவும்... அட, அதுவும் வலது பக்கம்!" முஷ்டிகளை இடம் மாற்றினான். அப்போதும் ஒரு கட்டை விரல் மற்றதின் முதுகைத்தான் பார்த்தது. "ஜோடி ஜாடின்னா ஒண்ணையொண்ணு பாக்கணுமே அண்ணே! கல்யாண மேசையில மெழுகுவத்திக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இப்படி வச்சா ஒருத்தர் கூப்பிட, ஒருத்தர் வெளிநடப்பு!"

"ஈரக் காகிதத்தை ஒத்தி, ஜாடியிலேருந்து படத்தை எடுக்கிறாங்க இல்ல? அதைப் புது ஜாடியில அடிச்சா அதே பக்கம்தான் விழும். வரைஞ்சவன் கண்ணு முன்னால இருந்தது ஒரே ஜாடி. ஜோடியா வரணும்னு அவனுக்குத் தெரியாது. ஏமாந்துட்டான். இன்னொண்ணு. குருவிக்குக் கால் எங்க?"

"கால்... இலைக்குப் பின்னால."

"பழசுல கால் கிளையைப் பிடிச்சிருக்கு, நகம் வரைக்கும் தெரியுது. புதுசுல சரியா கால் வர்ற இடத்துல ஒரு பெரிய இலை. பூவும் இலையும் பிரமாதம். குருவிக்கு மட்டும் கால் இல்ல."

ஹோ தொடையில் தட்டினான். இந்த ஊரில் பூ வரைகிறவர் பூ மட்டும்தான் வரைவார், பறவை வரைகிறவர் பறவை மட்டும்தான். ஒரே பட்டறையில் ஒரே ஜாடியை இவர் முடித்து அவரிடம் தள்ளுவார். பூக்காரருக்குக் குருவிக் கால் என்றால் கை நடுங்கும். "பூக்காரன் வரைஞ்சிருக்கான். பக்கத்துல இருக்குற பறவைக்காரனைக் கூப்பிட முடியாத பூக்காரன்." சட்டென்று அவன் முகம் மலர்ந்தது. "அண்ணே, ஷாவ் ஜிங்ஃபு! அவரு பூக்காரர், அவரு மச்சினன் பறவைக்காரன். சொத்துத் தகராறுல பேச்சு வார்த்தை கிடையாது. பட்டறையை விட்டு வந்து வீட்டுலயே தனியா வரையறாரு. செத்தாலும் மச்சினனைக் குருவி போடக் கூப்பிட மாட்டாரு."

"வழி?"

"நான் காட்டறேன்." ஹோ சரிந்த தோளை முன்னால் நீட்டி, "பலகை வருது! பலகை வருது!" என்று கத்திக்கொண்டே சந்துக்குள் பாய்ந்தான். கூட்டம் பழக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பலகைக்காரன் மேல் இடித்தால் உடைந்ததற்கெல்லாம் இடித்தவன்தான் காசு கட்ட வேண்டும். இரண்டு ஆட்கள் வெறுங்கையோடு கடந்து போனபின்தான் ஒருத்தி திட்ட ஆரம்பித்தாள்.

ஷாவ் ஜிங்ஃபு ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டு ஒன்றில் இதழ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "குருவி ஜாடியா? எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பூ வரையறவன்."

"தெரியும் வாத்தியாரே" என்றார் யான். "சும்மா ஒரு அபிப்பிராயம் கேட்கத்தான் வந்தோம். ஒரு ஜோடி ஜாடி பாத்தோம். வரைஞ்சவன் சரியான மடையன். ரெண்டு குருவியும் ஒரே பக்கம் பாக்குது."

"காகிதத்தை ஒத்தி எடுத்தான், அப்படியே அடிச்சிட்டான்" என்று ஹோ சேர்த்துக்கொண்டான். "தொழிலுக்குப் புதுசு போல. பாவம், ஏதோ கத்துக்குட்டி."

தூரிகை நின்றது. ஷாவின் கழுத்து சிவந்தது.

"கத்துக்குட்டி உங்கப்பன்! நான் ஜோடி வரைய ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல. மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும்னு எனக்குத் தெரியாதா? காகிதத்தைத் திருப்பிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தம்மா வேணாம்னாங்க! 'இது அதைப் பாக்கணும், அது இதைப் பாக்கக் கூடாது'ன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னாங்க. நான் காசு வாங்கறவன், சொன்னதைச் செஞ்சேன்!"

ஷாவுக்குத் தான் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

யானின் முகத்தில் அசட்டுத்தனமாக ஏதோ ஓடி மறைந்ததை ஹோ பார்த்தான். ஏமாந்தது ஷாவ் இல்லை, யான்தான்.

"எந்தம்மா?" என்றார் யான்.

"முகத்துல துணி கட்டியிருந்தாங்க. தெரியாது."

"எப்போ?"

"ஞாபகமில்ல. சங்கத்துக்கெல்லாம் வந்து நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." பிறகு, இவர்களைக் கிளப்பினால் போதுமென்று, இன்னும் ஒன்று சொன்னார். "எங்க சுடணும்னு கேட்டேன். 'எங்க வேணா சுடு, தூ ருய்ஹுவா சூளைக்கு மட்டும் கொண்டு போகாத'ன்னாங்க. அவ்வளவுதான். போங்க."

வெளியே வந்ததும் ஹோ யானின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணே. ஒரு பொம்பளை. அவ ஜாடி. அவ சூளையில மட்டும் சுடக் கூடாது. ஏன்? அங்க வேலைக்காரங்க பாத்துடுவாங்க. நல்ல ஜாடியை எங்கேயோ வித்துட்டு, போலியை அடகு வச்சிட்டு, இப்ப நம்மகிட்டயே வந்து அழுதா..."

"மத்தியானம் அவளைப் பாத்து நீ அக்கான்னே."

"இப்பவும் அக்காதான். திருட்டு அக்கா."

தூவின் சூளைக்கு இருவரும் வேறு வேறு முகத்தோடு போனார்கள். அவள் சூளையிலிருந்து சுட்ட தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் அவள் முகம் ஏதோ கேட்டது. ஹோ பார்வையைத் தவிர்த்தான்.

"ஷாவ் ஜிங்ஃபு தெரியுமா?" என்றார் யான்.

"பூக்கார ஷாவ்தானே? நல்லாத் தெரியும். எல்லாத்தையும் இங்கதான் சுடுவாரு. இப்ப வர்றதில்ல."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும்! தெருவுல பாத்தாலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாரு. என்ன தப்பு பண்ணினேன்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"எப்போலேருந்து?"

அவள் யோசித்தாள். "பீச் மரம் பூத்தப்ப, வசந்தத்துல. ஆமா, மழை விடாம பெஞ்ச அந்த வாரம். ஏன் ஐயா? நீங்க யார் பக்கம்? கேக்குறதெல்லாம் என்னைக் கட்டிப் போடற மாதிரியே இருக்கு!"

"போலியை அவரு வரைஞ்சது அப்போதான். பீச் பூத்தப்ப உங்க ஜாடி எங்க இருந்துச்சு?"

"ஃபாங்கிட்ட. இலை உதிர்றப்பவே வச்சிட்டேனே." சொல்லிவிட்டு அவளே கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

ஹோ நீளமாக மூச்சு விட்டான். "மன்னிச்சிடு அக்கா."

"எதுக்கு?"

"ஒரு அரை மணி நேரம் உன்னைத் திருடின்னு நினைச்சேன். இப்ப சரியாப் போச்சு."

அவள் தட்டை ஓங்கினாள். உடைக்க மனம் வராமல் திரும்ப வைத்தாள்.

யான் அதைக் கவனிக்கவில்லை. "பீச் பூத்தப்ப ஃபாங் வீட்டுல என்ன விசேஷம்?"

"கல்யாணம்!" என்றான் ஹோ. "கிழவர் ரெண்டாந்தாரம் கட்டினாரே. நான் சாப்பிட்டேன் அண்ணே, கடைசிப் பந்தியில. மேசையில மெழுகுவத்தி, அதுக்கு ரெண்டு பக்கமும் ஜாடி... ஆமா, ஜாடி இருந்துச்சு."

"என்ன ஜாடி?"

ஹோ தலையைச் சொறிந்தான். "நான் பன்றிக்கறியைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

மறுநாள் மத்தியானம் அடகுக்கடை உள்கூடத்தில் சங்கத் தலைவர் லியாவ் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூட்டும் முத்திரைக் காகிதமும். தூ சுவரோரம் பணப்பையைக் கட்டிப் பிடித்து நின்றாள். ஜாடிகள் மேசைமேல் இருந்தன. கூடம் நிறைவதற்கு முன்பே அவற்றின்மேல் சிவப்புத் துணியைப் போட்டுவிட்டிருந்தார் யான். திரைக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் ஒருமுறை கேட்டு நின்றது.

"சாட்சி யாரு?" என்றார் லியாவ்.

"சாட்சி ஃபாங் முதலாளிதான்" என்றார் யான். "முதலாளி, ஒரே கேள்வி. நீங்க அடகு எடுத்த அன்னிக்கு ஜாடியை நல்லாப் பாத்தீங்களா?"

ஃபாங் சிரித்தார். "நான் பாக்காம எடுத்த பொருள் இந்தக் கடையில கிடையாது."

"இது ஜோடிதான்னு உங்களுக்கு நிச்சயமா?"

"ஒத்தை ஒத்தையா எடுத்தா பாதி விலைகூடத் தர மாட்டேன். நான் குடுத்தது ஜோடி விலை. ஏன் குடுத்தேன்? ரெண்டு குருவியும் மூக்கும் மூக்குமாப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இதே கையால மேசையில வச்சு, இதே கண்ணால பாத்தேன். நான் என்ன இன்னிக்குத் தொழிலுக்கு வந்தவனா?"

"தலைவர் கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்று சொல்லி யான் துணியை எடுத்தார்.

கூடத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஒரு குருவி ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தது.

ஃபாங்கின் வாய் திறந்தபடி நின்றது. ஹோ அந்த முகத்தை நெருக்கத்தில் பார்த்தான். சந்தேகப்பட்டே பழகிப்போன அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கிழவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது.

"அடகுக்கு வந்தது சரியான ஜோடி" என்றார் யான். "மாறினது இந்த வீட்டுக்குள்ள. முதலாளிக்குத் தெரிஞ்சிருந்தா இப்படி வாயைக் குடுத்திருக்க மாட்டாரு. அடகுப் பொருளைத் தன் கல்யாண மேசையில வச்சாரு, அது வேற குத்தம். ஆனா மாத்தினது அவரு இல்ல."

"யாரு? கணக்குப்பிள்ளையா? அந்தச் சின்னவளா? யார்டா அது?" ஃபாங் மேசையை ஓங்கி அறைந்தார். ஜாடிகள் குலுங்கின.

"கத்தாதீங்க." திரை விலகியது. மூத்த தாரம் வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். "நான்தான்."

அவள் ஃபாங்கின் பக்கம் திரும்பினாள்.

"மேசையை அலங்காரம் பண்ணுன்னு என்கிட்டதான் சொன்னீங்க. பண்ணினேன். ரெண்டு குருவியும் தலை நரைச்சு ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சு. உங்களோட நரைச்சது என் தலை. மேசையில உட்கார்ந்தது அவ. பந்தி முடிஞ்சு துடைக்கிறப்ப ஒண்ணு உடைஞ்சிடுச்சு."

"கை தவறிடுச்சாம்மா?" என்று கேட்டார் லியாவ், கொஞ்சம் இளகி.

"இல்ல. போட்டேன்."

லியாவ் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அப்புறம் பயம் வந்துச்சு. இன்னொருத்தி பொருளாச்சே. அச்சு அசலா அதே மாதிரி வரையச் சொன்னேன். குருவி பாக்குற பக்கத்தை மட்டும் மாத்தச் சொன்னேன்." அவள் புருஷனைப் பார்த்தாள். "சரக்கு அறைக்கு அது போகவே இல்லையே. உங்க படுக்கை அறையிலதான் இருந்துச்சு. தினமும் அதுக்கு எதிர்ல உட்கார்ந்துதான் டீ குடிச்சீங்க. பாப்பீங்க, பாத்துக் கேப்பீங்கன்னு இருந்தேன். கேட்டா சண்டையாவது போட்டிருக்கலாம்."

ஃபாங்கின் கண் முதல்முறையாக ஜாடியில் நின்றிருந்தது.

"நேத்து ஒரு சூளையையே பூட்டறதாச் சொன்னாங்களே. அப்பவும் நீங்க சும்மா இருந்தீங்களே அம்மா?" என்றார் யான். அதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

"ஆமா. இருந்தேன். நீங்க வராட்டியும் சொல்லியிருப்பேன்னு சொல்ல மாட்டேன்." தூவின் பக்கம் திரும்பினாள். தலை குனிந்தது. "எனக்குத் தைரியம் இல்ல, தங்கச்சி."

தூ கோபமாகத்தான் வாயெடுத்தாள். ஆனால் வந்த வார்த்தை வேறு. "உடைஞ்சதுல ஒரு துண்டாவது இருக்கா?"

"ஆத்துல போட்டேன்."

தூவின் தாடை இறுகியது.

லியாவ் பூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முத்திரைக் காகிதத்தை நாலாக மடித்தார். "அடகுப் பொருளைக் கடைக்காரன் எடுத்துப் பயன்படுத்தி, அதுவும் உடைஞ்சிருந்தா, கடன் கிடையாது. வட்டியும் கிடையாது, முதலும் கிடையாது. விதி உங்களுக்கும்தான், ஃபாங். கணக்குல கோடு போட்டு அடிச்சிடுங்க."

"நானூற்றுப் பன்னிரண்டு!" என்றார் ஃபாங். குரல் கீச்சிட்டது.

"எண்ணூற்று இருபத்து நாலுன்னு நேத்து நீங்கதானே வளத்தீங்க" என்றான் ஹோ. "பாதியிலயே நின்னுடுச்சேன்னு சந்தோஷப்படுங்க முதலாளி."

கணக்குப்பிள்ளை புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தான். ஃபாங் தூரிகையை மையில் தோய்த்தார். தூவின் பெயருக்கு மேலே கை வந்து நின்றது. இறங்கவில்லை. மை சொட்டி ஓரத்தில் கறையாயிற்று.

தூ பழைய ஜாடியை மட்டும் எடுத்துப் பணப்பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். புதியதைத் தொடவில்லை. "இது உங்களோடது அக்கா" என்றாள் மூத்தவளிடம். "நீங்க சொல்லி வரைஞ்சது."

மூத்தவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. மேசையைச் சுற்றி வந்தாள். புருஷன் விரல்களிலிருந்து தூரிகையை உருவினாள். நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளியின்மேல் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, நிறுத்தாமல், தடிமனாக ஒரே கோடு இழுத்தாள்.